இரண்டு பாஷையில் ஒரு சாவு

உதட்டில் ஒற்றிய ஈரத்துணியை நாக்கால் தள்ளிவிட்டார் அம்ப்ரோஸ். "இது போதும், ஜாய்ஸ். சாமியாரைக் கூப்பிடு. எண்ணெயோட வரச் சொல்லு."

ஜாய்ஸ் வாசலைப் பார்த்தாள். தம்பி ரேஃப் கதவுநிலையில் சாய்ந்து நின்றிருந்தான். அவன் கோயில் காரியஸ்தன். இங்கிலாந்து ராணியின் புதுச் சட்டப்படி ஊரார் ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வருகிறார்களா, சாமியார் ஆங்கில ஜெபப்புத்தகத்தைத் தவிர வேறெதுவும் படிக்காமலிருக்கிறாரா என்று பார்த்து, பிஷப்பின் ஆட்களிடம் சொல்வதாகச் சத்தியம் செய்தவன். கோயிலில் பழைய லத்தீன் பூசைக்கு இருந்த கல்பீடத்தை உடைத்து அப்புறப்படுத்தியதும் அவன்தான். அன்றிலிருந்து அப்பா அவனோடு பேசுவதில்லை. எல்லாம் ஜாய்ஸ் வழியாகத்தான்.

"சாகறவங்களுக்கு எண்ணெய் பூசறது புதுப் புத்தகத்துல இல்ல," என்றான் ரேஃப்.

"சாகப்போறது புத்தகம் இல்ல, நான்தான்னு உன் தம்பிகிட்ட சொல்லு."

ஜாய்ஸ் போர்வையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ரேஃப் முற்றம்வரை பின்னாலேயே வந்தான்.

"நான் என்ன கல்நெஞ்சனாக்கா? போன ராணி காலத்துல, லத்தீன் பூசைக்கு வரமாட்டேன்னதுக்காக சந்தையில அந்தத் தறிக்காரரக் கட்டிவச்சு எரிச்சாங்களே, நான் பக்கத்துல நின்னேன். அந்த வாடை இன்னும் மூக்க விட்டுப் போகல. இந்த ராணி, மனசுக்குள்ள நீ என்ன வேண்டிக்கறேன்னு கேக்கல. எல்லாரும் ஒரே கோயிலுக்கு வாங்க, ஒரே புத்தகத்தப் படிங்க, அடிச்சுக்காதீங்கன்னுதான் சட்டம் போட்டிருக்காங்க. நானே மீறினா எப்படி?"

"நீ சொல்றது சரிதான். ஆனா அவருக்கு நேரம் இல்லடா," என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள்.

ஹ்யூ சாமியார் ராஜா, ராணி என்று மாறி மாறி வந்த நான்கு ஆட்சிகளையும் அதே வீட்டிலிருந்து பார்த்தவர். லத்தீனில் படி என்றால் லத்தீன், ஆங்கிலம் என்றால் ஆங்கிலம். ஊரார் அவரை, கோயில் கோபுரத்து உச்சியில் காற்றடிக்கும் பக்கம் திரும்பும் காற்றுக்கோழி என்பார்கள். 'கோழி பறந்துட்டா உங்களுக்கு வெறும் கோபுரம்தான் மிச்சம்' என்று சிரிப்பார். இன்று சிரிக்கவில்லை. விஷயம் வெளியே போனால் வேலை போகும், சிறைகூட உண்டு. அவர் தயங்கி நிற்க, அவர் மனைவி மாவுப்பானைக்குப் பின்னாலிருந்து சின்ன எண்ணெய்ச் சிமிழை எடுத்து நீட்டினாள். சாமியார்கள் கல்யாணம் செய்யக்கூடாத பழைய முறை திரும்பி வந்தால் அவள் அவருக்கு மனைவியே இல்லை.

"கதவைச் சாத்திக்கிட்டுப் படிங்க," என்றாள்.

ஜாய்ஸும் சாமியாரும் வீட்டுக்குப் போனபோது ரேஃப் அதே கதவுநிலையில் இருந்தான். காதில் விழுந்தால் அவன் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் செய்த சத்தியம் பொய்யாகும். சாமியார் வாசற்படியில் நின்றார். ரேஃப் சுவரில் மாட்டியிருந்த கோடாலியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனான்.

குளிர்காலத்துக்கான விறகு ஏற்கெனவே கூரைவரை அடுக்கியிருந்தது. ஆனாலும் அவன் வெட்ட ஆரம்பித்தான். சாமியாரின் லத்தீன் மெல்ல எழுந்தது. நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் தொட்டு வைத்தார். உள்ளே குரல் உயர்ந்தபோதெல்லாம் வெளியே கோடாலி வேகமாக விழுந்தது.

எல்லாம் முடிந்தபின் அம்ப்ரோஸ் கண்ணைத் திறக்காமல் கேட்டார்: "யாரு வெட்டறது?"

"ரேஃப்தான்ப்பா."

கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "பச்சை மரம். கோடாலி வழுக்கும். ரேஃப்கிட்ட காலு பத்திரம்னு சொல்லு."

ஜாய்ஸ் கொல்லைக்குப் போய்ச் சொன்னாள். அவன் திரும்பாமல் தலையை ஆட்டினான். அவள் உள்ளே வந்தபோது சாமியார் அப்பாவின் கண்களை மூடிக்கொண்டிருந்தார்.

அடக்கம் சட்டப்படிதான் நடந்தது. மெழுகுதிரி இல்லை, சாம்பிராணிப் புகை இல்லை. சாமியார் புத்தகத்தை விரித்து ஆங்கிலத்தில் படித்தார். ஆயுசு முழுக்க ஜாய்ஸுக்கு லத்தீன் கூரைமேல் பெய்யும் மழை. கேட்கும், உள்ளே வராது. இன்று ஒவ்வொரு சொல்லும், அவள் அடுப்படியில் பேசுகிற அதே பாஷையில் வந்து விழுந்தது. மண்ணிலிருந்து வந்த உடம்பு மண்ணுக்குப் போகிறது என்றார். அழக்கூடாது என்று இருந்தவளுக்கு அழுகை வந்தது. இந்த வார்த்தைக்கு அழுவது அப்பாவுக்குச் செய்யும் துரோகம்போல இருக்க, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

குழிக்கு அந்தப் பக்கம், தொப்பியைக் கையில் பிடித்தபடி ரேஃப் நின்றிருந்தான். அவன் உதடுகள் அசைந்தன. சத்தமில்லை. சாமியார் படிப்பது வேறு, அவன் உதட்டில் ஓடுவது வேறு. சின்ன வயதில் அக்காவும் தம்பியும் மண்டியிட்டுப் படித்த பழைய லத்தீன் ஜெபம் அது.

சாமியாரும் பார்த்துவிட்டார். பக்கம் முடிந்திருந்தது. காற்று தாளைத் தூக்கத் தூக்க, கட்டைவிரலால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அந்த உதடுகள் ஓயும்வரை திருப்பாமல் நின்றார்.