பக்கத்து அட்டையில் பத்து

தையல்காரியிடம் மீதி இரண்டே குண்டுகள். இரண்டில் எது ஒன்பது மதிப்பெண்ணுக்குக் கீழே இறங்கினாலும் கதை முடிந்தது.

துப்பாக்கி சுடும் பெண்களுக்குக் காவல் பயிற்சிப் பள்ளியில் வேலை, கூடவே குடியிருக்க ஒரு வீடு. அதற்கு இன்று இந்தச் சுடுகூடத்தில் தகுதி மதிப்பெண் எடுத்தாக வேண்டும். வயது வரம்பு இந்த வருடத்தோடு சரி. தைத்துக்கொண்டிருந்த ஆலை மூடியதிலிருந்து மகளோடு அண்ணன் வீட்டில் ஒண்டிக் கிடப்பவளுக்கு இதை விட்டால் வேறு வழியில்லை. காலையில் அவள் கிளம்பியபோது, அந்தத் துப்பாக்கிக்கு வீட்டுப் பல்லிகூடப் பயப்படாது என்று அண்ணி சிரித்தாள். அண்ணியைப் பகைக்க வேண்டாமே என்று மகளும் கூடவே சிரித்தாள். அதுதான் நெஞ்சில் தைத்தது.

ஏர் ரைஃபிளைத் தோளில் ஏற்றினாள். குறி தள்ளாடியது. இறக்கினாள். கால்களை மாற்றி வைத்தாள்.

கை நடுங்கினால் கண்ணை மூடு, உடம்பு தானாக எங்கே நிலைக்கிறதோ அங்கே விடு, பிறகு திற என்பது பயிற்சியாளர் கொக்கு மாஸ்டரின் பாடம். மூடினாள். மூச்சு அடங்கியது. திறந்தபோது கறுப்பு வட்டம் குறிக்குள் ஆணி அடித்ததுபோல் நின்றது. விசை தானாகப் போனதுபோலிருந்தது.

சுவிட்சைத் தட்டினாள். ஒரு குண்டுக்கு ஒரு புது அட்டை. கம்பியில் ஓடிவந்த அட்டையில் ஓட்டையே இல்லை.

பக்கத்து லேனில் சுட்டுக்கொண்டிருந்த பல் டாக்டரின் அட்டையும் வந்தது. அதில் இரண்டு ஓட்டைகள். ஒன்று எட்டில். இன்னொன்று பத்தில், நடுப்புள்ளியையே தின்றுவிட்டு.

அவள் குண்டு அங்கே போயிருக்கிறது. மாற்றி வைத்த கால் உடம்பைத் திருப்பிவிட்டது. லேன் எண்ணை அவள் பார்க்கவே இல்லை.

டாக்டர் அவள் பக்கம் குனிந்தார். "ரெண்டும் நான் சுட்டதுன்னு சொல்லிடறேம்மா. எனக்கு இது லீவு நாள் பொழுதுபோக்கு. நீங்க உங்க அட்டையில திரும்பச் சுடுங்க."

தலையாட்டினாள். வெட்கப்படக்கூட நேரமில்லை.

ரேஞ்ச் அதிகாரி வந்தார். தெரியாமல் இரண்டு முறை சுட்டுவிட்டதாக டாக்டர் சொன்னார். அதிகாரி அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பிரமாதம் டாக்டர். இந்தக் கூடத்துல இன்னைக்கு இப்படி ஒரு பத்து யாரும் போடல."

டாக்டர் கூச்சத்தோடு சிரித்தார். அந்தச் சிரிப்பை அவளால் தாங்க முடியவில்லை. சுடப் பழக ஆரம்பித்ததிலிருந்து இப்படி ஒரு பத்து அவளுக்கு விழுந்ததில்லை.

"அது என்னோடது."

சொன்ன பிறகுதான் யார் சொன்னது என்று அவளுக்கே தெரிந்தது.

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அடுத்தவர் அட்டையில் சுட்டால் சுட்டவருக்குச் சுழியம் என்றார். எந்த ஓட்டை யாருடையது என்று நிரூபிக்க முடியாததால் பெரிய மதிப்பு அட்டைக்காரருக்கே போகும், விதி அப்படி.

"அப்போ பத்து?"

"டாக்டருக்கு."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். வேலை போயிற்று, வீடு போயிற்று. பத்தும் போயிற்று.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு," என்றார் அதிகாரி, குரலைத் தணித்து. "சுடுறீங்களா, விட்டுடறீங்களா?"

"சுடறேன்."

குண்டைப் போட்டாள். கண்ணில் நீர் நின்றதால் குறி இரண்டாகத் தெரிந்தது. மற்றவர்கள் துப்பாக்கிப் பெட்டிகளை மூடிக்கொண்டிருந்தார்கள். குறி ஒன்றாகும்வரை விசையைத் தொடுவதில்லை என்று அப்படியே நின்றாள்.