கல்லில் கட்டிய கயிறு

எங்கள் மேல் ஆஸ்திரியக் கிராமங்களில் கல்யாண ஊர்வலம் தேவாலயத்திலிருந்து நேராக விருந்துக்குப் போய்விடாது. வாசலில் உள்ள போர் நினைவுத் தூணருகே நிற்கும். இரு வீட்டிலும் இறந்தவர்களை நினைத்து வாத்தியக்குழு ஒரு மெட்டு வாசிக்கும். சிரிப்பும் பீரும் அதற்குப் பிறகுதான்.

மணப்பெண் ரோஸ்விதா கேட்டது இன்னும் ஒரே ஒரு நிறுத்தம். விருந்து விடுதிக்குப் போகும் சாலையில், காட்டோரமாக ஒரு கருங்கல் நிற்கிறது. அந்தக் காட்டுக்குள் இருந்த வதைமுகாமைத் திறந்துவிட்ட அமெரிக்க வீரர்களின் நினைவுக்கல். ரோஸ்விதாவின் அம்மா பிரோஷ்காவை அங்கிருந்து ஒரு சிப்பாய்தான் கைகளில் தூக்கி வந்தார். ஹங்கேரியில் அவளுக்கென்று யாரும் மிஞ்சவில்லை. ஆஸ்பத்திரிக்கு ரொட்டி கொண்டுவந்தவரையே கட்டிக்கொண்டு இங்கேயே வாழ்ந்து, கல்யாணத்துக்கு முந்தின வருடம் இறந்துபோனாள். அவளுடைய பெற்றோரும் தங்கையும் அந்தக் காட்டில் எங்கோ புதைந்திருக்கிறார்கள்.

வாத்தியக்குழுவின் தலைவர் எங்கெல்பெர்ட். மாப்பிள்ளை ரோமனின் அப்பாவும் அவர்தான். ரோஸ்விதா கேட்டதும் கையிலிருந்த முட்கரண்டியைத் தட்டில் வைத்தார்.

"அங்க நான் வாசிக்க மாட்டேம்மா. எங்க அண்ணனுக்கு அப்போ பதினேழு வயசு. போர் முடியற சமயத்துல, ஆத்துப் பாலத்துல அவனைச் சுட்டது அந்த அமெரிக்கக்காரங்கதான்."

"உங்க அண்ணனுக்காகத் தூணுகிட்ட நானும் தலை குனிஞ்சு நிப்பேன் மாமா. எங்கம்மாவைத் தூக்கிட்டு வந்தவருக்கு ஒரே ஒரு மெட்டு, அவ்வளவுதான்."

அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார். பிறகு ரோமனும் தன் பங்குக்குப் பேசிப் பார்த்தான். திட்டு வாங்கியதுதான் மிச்சம். கல்யாணத்தையே தள்ளிப்போடலாமா என்று ரோஸ்விதாவிடம் பாதி விளையாட்டாகக் கேட்டான்.

"கல்யாணம் உன்கூடத்தானே, அது நடக்கட்டும். ஆனா அந்தக் கல்லை நிக்காம தாண்டிப் போயிட்டா, அப்புறம் உங்கப்பாவுக்கு நான் எந்த மனசோட சோறு போடுவேன்?"

மே மாதத்தில் கல்யாணம் நடந்தது. தூணருகே வாசித்து முடித்து, டிராக்டர் இழுத்த வண்டியில் குழுவினர் முன்னே போனார்கள். குதிரை வண்டியில் மணமக்கள் பின்னால். காட்டோரம் வந்ததும் எல்லா வண்டிகளும் நின்றன. சாலையின் குறுக்கே கயிறு.

அதுவும் எங்கள் வழக்கம்தான். தீயணைப்புப் படைப் பையன்கள் வழியை மறிப்பார்கள். மாப்பிள்ளை ஒரு கட்டையை அறுக்க வேண்டும், மணப்பெண் கேட்கும் மெட்டைக் குழு வாசிக்க வேண்டும். அப்போதுதான் கயிறு அவிழும். எப்போதும் இரண்டு மரங்களுக்கு இடையில்தான் கட்டுவார்கள். குளிர்காலப் புயலில் ஒரு மரம் விழுந்துவிட்டதால், மறுமுனையை நினைவுக்கல்லில் சுற்றியிருந்தார்கள். மணமக்களைக் கேலி செய்வதற்காகக் கயிறு நெடுகக் குழந்தைச் சட்டைகளும் கிழிந்த கால்சட்டையும் தொங்கின.

ரோஸ்விதாவின் முகம் வாடியதைப் படைத்தலைவன் ஃப்ளோரியன் கவனித்துவிட்டான்.

"தப்பா நெனைக்காதீங்க அக்கா. கட்ட வேற எடமில்ல."

அவள் தலையை மட்டும் அசைத்தாள். ரோமன் கட்டையை அறுத்து முடித்தான். எல்லோரும் ஏதாவது ஒரு ஆட்டப் பாட்டை எதிர்பார்த்து அவளைப் பார்த்தார்கள்.

"தூணுகிட்ட வாசிச்சீங்களே மாமா, அதையே வாசிங்க."

எங்கெல்பெர்ட் ஃப்ளோரியன் பக்கம் திரும்பினார். "ரெண்டு பேரும் பேசி வச்சதா இது?"

"மரம் விழுந்ததுக்குக்கூட நானா பொறுப்பு?" என்றான் அவன்.

டிரம்பெட்டை இருக்கையில் வைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டார் எங்கெல்பெர்ட். அவர் எடுக்காமல் குழுவில் யாரும் வாத்தியத்தைத் தொடவில்லை. ரோமன் குதிரை வண்டியிலிருந்து இறங்கிப் போய் அந்த டிரம்பெட்டை எடுத்தான். சுருதி பிடிக்கும் காது இல்லை என்று அப்பாவே குழுவிலிருந்து விரட்டியவன் அவன். முதல் இரண்டு வரி எப்படியோ வந்தது. மூன்றாவதில் சுருதி சரிந்தது. மறுபடி தொடங்கினான். அதே இடத்தில் மறுபடியும் சரிந்தது. யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். வியர்வையைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் முறையும் தொடங்கினான்.

"குடுடா இங்க. நீ வாசிச்சா செத்தவங்க எந்திரிச்சு ஓடிடுவாங்க."

எங்கெல்பெர்ட் டிரம்பெட்டைப் பிடுங்கிக்கொண்டார். தொப்பியைக் கழற்றி இருக்கையில் வைத்தார். முதலிலிருந்து வாசித்தார். இரண்டாவது வரியில் மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒரு சுரம்கூடப் பிசகவில்லை. ஃப்ளோரியன் துணிகளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மெட்டு முடியும்வரை நின்றுவிட்டுப் பிறகுதான் முடிச்சை அவிழ்த்தான்.

விருந்தில் ரோஸ்விதா முதல் தட்டை மாமனாரிடம் கொண்டுபோனாள்.

"உன் புருஷன் கெடுத்ததைச் சரி பண்ணினேன், வேற ஒண்ணுமில்ல" என்றார் அவர், தலை நிமிராமல்.

"சரி மாமா" என்று சொல்லி, அவர் தட்டில் இன்னொரு கொழுக்கட்டையை வைத்தாள்.