எதிர்ச்சுற்று

இலை எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருந்தது, பெட்டியைத் திறந்ததும் தெய்வசிகாமணியின் கண்ணில் பட்டது அந்த ஒரு சுருட்டுதான், அவர் சுற்றினால் மேலிலை வலப்பக்கமாக ஏறும், இது இடப்பக்கமாக ஏறுகிறது, இடக்கைக்காரன் சுற்றினால்தான் இப்படி வரும், இந்தப் பெட்டியைத் தொட அவரையும் மனைவி வசந்தவல்லியையும் விட்டால் வீட்டில் வேறு யார், பொன்மலை ரயில் பணிமனையிலிருந்து ஓய்வுபெற்று வந்து, பொழுது போகாமல் கைபேசியில் பார்த்துக் கற்றுக்கொண்ட வேலை இது, இலையை ஈரத்துணியில் பதப்படுத்தி, நடுநரம்பை உருவி, துண்டிலைகளை உள்ளே வைத்து உருட்டி, மேலிலையைச் சரிவாகச் சுற்றி, நுனியை மைதாப்பசையால் ஒட்டுகிறார், அவள் எதிரில் பூண்டு உரித்தபடி பார்த்துக்கொண்டிருக்கிறாள், நாத்தம் புடிச்ச வேலை என்கிறாள், எழுந்து மட்டும் போகமாட்டாள்.

இடக்கைக்காரன் என்றால் மாடிவீட்டு இன்னாசிமுத்துதான், கேரம் காயை இடக்கையால் சுண்டியே மூன்று வருடமாக அவரைத் தோற்கடிக்கிற மனிதர், செவ்வாய்க்கிழமைதோறும் தெய்வசிகாமணி முழங்கால் வலிக்குப் பயிற்சிக்குப் போகிறார் என்பது அவருக்கும் தெரியும், போன செவ்வாய் திரும்பியபோது தொட்டியில் இரண்டு தம்ளர்கள் கிடந்தன, யார் வந்தா, யாரும் வரலியே, நாந்தான் ரெண்டு வாட்டி காப்பி குடிச்சேன், அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னையே அதட்டிக்கொண்டார், பேய் போகவில்லை, கல்யாணமாகி முப்பத்து நாலு வருடம் கழித்து இப்படியா, கேரம் ஆட வந்த இன்னாசிமுத்துவை, கால் வலிக்குதுய்யா என்று வாசலோடு அனுப்பினார், அண்ணன ஏன் உள்ள கூப்பிடல என்று அவள் கேட்டதுகூட ஒரு சாட்சியாகப் பட்டது.

இந்தச் செவ்வாய் இலையை நனைத்து வைத்துவிட்டுக் கிளம்பினார், தெருமுனை டீக்கடையில் அரைமணி நின்றார், தன் வீட்டுக்கே திருடனாகத் திரும்பிச் சாவியை ஓசையில்லாமல் திருகினார், கூடத்தில் அவள் மட்டும் இருக்கிறாள், அவருடைய நாற்காலியில், அவருடைய பலகைக்கு முன்னால், அவளுடைய இடக்கை இலையைச் சுற்றுகிறது, அவரைவிட வேகமாக, அவரைவிட நேர்த்தியாக, இந்தக் கையை எங்கே பார்த்தோம், பார்த்திருக்கிறார், கல்யாணமான முதல் வாரம், இடக்கையில் கரண்டி பிடித்துச் சாம்பார் ஊற்ற வந்தவளின் புறங்கையில் அம்மா தோசைத்திருப்பியைச் சுடச்சுட வைக்கிறாள், பீச்சாங்கையாலயா புருசனுக்குப் பரிமாறுவே, அவர் குனிந்து சோற்றைப் பிசைகிறார், பிசைந்துகொண்டே இருக்கிறார், அன்றைக்குப் பிறகு அந்தக் கையை அவர் பார்க்கவே இல்லை, அம்மா போய்ப் பன்னிரண்டு வருடமாகியும் பார்க்கவில்லை, அவர் வெளியே போகிற நேரங்களில் மட்டும் அது வேலை செய்திருக்கிறது, வெட்கமாக இருந்தது அவருக்கு, அழுதுவிடலாம் போலவும் இருந்தது.

நிமிர்ந்தவள் பதறிக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள், என்னங்க, போகலியா, நீயா சுத்துறே என்றார், பாத்துப் பாத்துக் கை அரிச்சுது, அதான் ஒண்ணு சுத்தி உங்க பெட்டியிலயே போட்டு வச்சேன், கண்டுபிடிக்கிறீங்களான்னு, சொல்லும்போதே புதுப்பெண்ணாகச் சிரித்தாள், கை மெல்ல வெளியே வந்தது, கண்டுபிடிச்சேன், என்னைவிட நல்லா சுத்தியிருக்கே, யாரு சுத்துனதுன்னு நெனச்சீங்க, நீதான்னு, வேற யாரு என்றார், கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டார், அவள் சிரிப்பு நின்றது, வாசலைப் பார்த்தாள், அவர் விரலிடுக்கில் இருந்த சாவியைப் பார்த்தாள், நாந்தான்னு தெரிஞ்ச ஆளு ஏங்க பூனை மாதிரி கதவத் தொறந்தீங்க, இன்னாசியண்ணன ஏன் வாசலோட அனுப்புனீங்க, அவர் சாவியை மெல்லச் சட்டைப்பைக்குள் நழுவவிட்டார், வெளியே காய்கறி வண்டிக்காரன் கத்திக்கொண்டு போகிறான், பலகையில் சுருட்டு பாதியில் நிற்கிறது, அத முடிச்சிடு வசந்தா என்று கெஞ்சினார், முடிக்கிறேன் என்றாள், சுற்றிய இலையைப் பொறுமையாகப் பிரித்தெடுத்தாள், வலக்கையில் பிடித்து, அவர் சுற்றுகிற பக்கமாகவே, கோணலாக, முதலிலிருந்து சுற்றத் தொடங்கினாள்.