ஒரே வீட்டில் அறுபதும் நாற்பதும்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதைக்குக் காரணம் ஓர் எண். உலகின் மின்சாரத்தில் ஏறக்குறைய அறுபது சதவீதம் இன்னும் நிலக்கரி, எரிவாயு, எண்ணெய் இவற்றை எரித்துத்தான் வருகிறதாம்; காற்று, சூரியன், நீர், அணு எல்லாம் சேர்ந்து மீதி நாற்பது. மின்விசிறிக்குக் கீழே சுகமாக உட்கார்ந்து படித்தேன். (இதைத் தட்டச்சு செய்யும் கணினியும் அதில்தான் ஓடுகிறது. ஐந்து எழுத்துக்கு மூன்று எரித்து எழுதியவை. எவை என்று கேட்காதீர்கள்.)

2

முதல் தொடக்கம்: "கரும்புகை கக்கும் புகைபோக்கியின் நிழலில் ஒரு கொடிய..." வேண்டாம், வில்லன் வந்துவிடுவான். எனக்குத் தெரிந்த அனல்மின் நிலைய ஆள் என் மச்சான் ஒருவர்தான். கொதிகலன் பார்க்கிறவர், எறும்புக்குக்கூட வழிவிட்டு நடப்பவர். அவர் மனைவி, அதாவது என் அக்கா, காற்றாலைக் கோபுரங்களில் ஏறிப் பழுது பார்க்கிறாள்.

இரண்டாம் தொடக்கம்: "சாப்பாட்டு மேசையில் அறுபதும் நாற்பதும் மோதிக்கொண்டன..." இதுவும் பொய். சண்டை போட அவர்களுக்கு நேரமே கிடைப்பதில்லை. காற்று நின்ற நாளில்தான் அக்கா கோபுரம் ஏறுவாள். காற்றாலை மின்சாரம் குறையும் அன்றைக்குத்தான் மச்சான் பார்க்கும் பழைய யூனிட்டையும், அதாவது அவர் கொதிகலன் இருக்கும் மின் உற்பத்திப் பிரிவையும், முழு மூச்சாக ஓட்டுவார்கள். காற்று பலமாக அடித்தால் கோபுரம் ஏறக் கூடாது, அவர் யூனிட்டையும் நிறுத்திவைப்பார்கள். ஆக, காற்றடிக்கும் நாள்தான் அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை. ஜன்னல்கள் படபடக்க இருவரும் பட்டப்பகலில் தூங்குவார்கள். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

3

இங்கே கதை என் கையை மீறியது. போன வாரம் மச்சான் என்னிடம் மட்டும் சொன்னார்.

"மாப்ள, எங்க யூனிட்ட மூடுறாங்க. என்னை வேற நிலையத்துக்கு மாத்திட்டாங்க. ரொம்ப தூரம்."

"அக்கா என்ன சொன்னா?"

"அவகிட்ட இன்னும் சொல்லல. போகலன்னா இங்கயே வேற வேலை தேடணும். இந்த வயசுல யாரு தருவா?"

உலகக் கணக்கில் அந்த அறுபது ஒரு துளி குறையும். நல்ல செய்திதான், நானே கைதட்டியிருப்பேன். ஆனால் (இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை)

4

முடிவு அ: அவர் போகிறார். எழுதவே மனசு வரவில்லை.

முடிவு ஆ: அவரும் காற்றாலையில் சேர்கிறார். (நாற்காலி மேல் நின்று பல்பு மாட்டவே அவருக்குக் கால் நடுங்கும்.)

முடிவு இ: அக்கா வேலையை விடுகிறாள். அக்காவைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

சிக்கல் வேறு. நான் எதை எழுதினாலும் முதலில் படிப்பது அக்கா. அது மச்சானுக்கும் தெரியும். தெரிந்தேதான் என்னிடம் சொன்னாரோ? ஃபோன் செய்தேன்.

"மச்சான், கதைய அக்காவுக்கு அனுப்பவா? நீங்க சொன்னது மூணாவது பகுதியில இருக்கு."

"மூணாவது பகுதிய எடுத்துட்டு அனுப்பு."

வைத்துவிட்டார். சற்று நேரத்தில் அவரே கூப்பிட்டார்.

"எடுக்க வேணாம். அப்படியே இருக்கட்டும். நான் கடைக்குப் போறேன். போனப்புறம் அனுப்பு."

5

நான்கு பகுதிகளையும் அனுப்பிவிட்டேன். அக்கா இப்போது படித்துக்கொண்டிருக்கிறாள். மச்சான் கடையில் எதையும் வாங்காமல் நின்றுகொண்டிருப்பார். அவர் திரும்பி வந்து கதவைத் தட்டும்போது அவள் முதலில் என்ன சொல்வாள்? எழுதி எழுதி அழித்தேன். அவளுக்குப் பதிலாக நான் பேசுவது நியாயமாகப் படவில்லை. உங்களுக்கும் அவளைப் போல் ஒருத்தியைத் தெரிந்திருக்கும். அந்த ஒரு வரியை நீங்கள் எழுதுங்கள். கொஞ்சம் சீக்கிரம், அவர் ரொம்ப நேரமாக வெளியே நிற்கிறார்.