ஒரே பேட்டரியில் இரண்டு பெட்டி

கண்ணுங்களா, இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். மலேசியாவில், சிகாமட் ஊரில் நடந்த ஒரு கதை சொல்கிறேன். கம்ப்யூட்டர் கதைதான், பயப்படாதீர்கள். எனக்கே புரிந்தது, உங்களுக்குப் புரியாதா?

அங்கே ஒரு டயாலிசிஸ் நிலையம். நோயாளிகளின் விவரமெல்லாம் இரண்டு சர்வர் பெட்டிகளில் இருக்கும். ஒன்றில் பதிந்தது அப்போதே மற்றதிலும் பதிந்துவிடும். முதல் பெட்டி வேலை செய்ய, இரண்டாவது 'இருக்கியா, இருக்கியா' என்று அதைக் கேட்டுக்கொண்டே நிற்கும். பதில் வராவிட்டால் வேலையைத் தானே எடுத்துக்கொள்ளும்.

மின்வெட்டைத் தாங்கப் பெட்டிக்கு ஒரு பேட்டரியும் வைத்து அதை அமைத்தவள் ஸ்கூடாய் ஊர்ப் பெண் ஷாமளா. மழைக்காலம் நெருங்கியது. ஆறு பொங்குவதற்குள் முதல் பெட்டியை வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தே தீருவேன் என்று வந்து நின்றாள்.

"ஓடுறதை ஏம்மா நிறுத்துற? சும்மா விடு லா," என்றார் நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் விஜயன்.

"வெள்ளத்தன்னிக்கு நின்னுட்டா, இங்க டயாலிசிஸுக்கு வர்ற அங்கம்மா அக்கா ஒடம்புல எவ்வளவு தண்ணி எடுக்கணும்னு யாரைக் கேப்பீங்கண்ணே?"

"அந்தக்காவே சொல்லிடும். அதுக்கு வாயா ஓயும்?"

"மருந்து அளவையுமா?"

விஜயன் அறைச் சாவியை எடுத்து நீட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை, நோயாளிகள் யாரும் இல்லாத நேரம். முதல் பெட்டிக்கு மின்சாரம் தரும் பேட்டரியை அவள் அணைத்தாள். இரண்டு பெட்டிகளும் சேர்ந்தே அணைந்தன.

"அலமாக்! நல்லா இருந்ததைக் கொன்னுட்டியே!" என்று அலறினார் விஜயன்.

ஷாமளா தரையில் படுத்து, அலமாரிக்குப் பின்னால் டார்ச் அடித்தாள். காய்ந்த சாமந்திச் சரம். இரண்டு பெட்டிகளின் வயரும் ஒரே பேட்டரியில். இன்னொரு பேட்டரியில் கலர் லைட்டு.

"அண்ணே, ஆயுத பூஜைக்கு யாரு ஜோடிச்சது?"

விஜயன் தலையைச் சொறிந்தார். "லைட்டுக்கு பிளக்கு பத்தல..."

"சாமி ஜொலிச்சிருக்கும். தள்ளுங்க."

லைட்டைப் பிடுங்கினாள். பெட்டிக்கு ஒரு பேட்டரி என்று மாட்டி, இரண்டையும் எழுப்பி, விவரங்கள் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தாள். பிறகு மறுபடி முதல் பேட்டரியை அணைத்தாள். திரை கொஞ்சம் யோசித்தது. அங்கம்மாவின் பக்கம் திறந்தது. விஜயன் கைதட்டினார்.

"இருங்க, மாத்தியும் பாக்கணும்," என்று முதலாவதை எழுப்பிவிட்டு, இரண்டாவதையும் நிறுத்திப் பார்த்த பிறகுதான் சாப்பிடப் போனாள்.

டிசம்பரில் அடைமழை. மின்சாரம் போய்ப் போய் வந்ததில் முதல் பேட்டரி கருகிவிட்டது. விஜயன் போன் போட்டார்.

"ஷாமளா, ஒண்ணு போயிருச்சும்மா!"

"இன்னொண்ணு?"

"ஓடுது லா! அங்கம்மாக்கா டிவி சத்தம் பத்தலன்னு என்னைத் திட்டுது."

அவ்வளவுதான், செல்லங்களா. உங்கள் வீட்டில் ஒருவர் களைத்தால் இன்னொருவர் தாங்கிக்கொள்ளட்டும். எல்லாரும் ஒன்றாய்ச் சாயும் நாள் அந்த வாசலுக்கு வராமலே போகட்டும். நல்லா இருங்க.