இரண்டு தொகுதியிலும் இல்லாதது

கலைக்களஞ்சியத்தின் சொல்லடைவு அவள் பொறுப்பு. மருத்துவத் தொகுதியில் 'தனிமை' என்ற சொல்லுக்கு எதிரே 'சமூகத் தொகுதி காண்க' என்றிருந்தது. அதைப் புரட்டினால், 'மருத்துவத் தொகுதி காண்க'. கட்டுரையை இரண்டு தொகுதியின் ஆசிரியர்களுமே எழுதவில்லை. மறுநாள் அச்சு.

"அது நோயில்லம்மா, கீழ கேளுங்க" என்றார் மேல்மாடி டாக்டர்.

"ஒத்தை ஆளுக்கு வர்றது எப்படிம்மா சமூகமாகும்? மேல கேளுங்க" என்றார் கீழ்மாடிப் பேராசிரியர்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று முனகிக்கொண்டே ஏறி இறங்கினாள். மூன்றாவது நடையில், ஏறுகிறோமா இறங்குகிறோமா என்பதே மறந்துபோனது. மாடிகள் எங்கோ கரைந்து படிகள் மட்டும் மிச்சமிருப்பதுபோல் இருந்தது. வெயில் ஒவ்வொரு படியிலும் பாலாடையாகப் படிந்திருக்க, அவள் அதை மிதிக்காமல் மிதந்தாள்.

மூன்று மணிக்கு அப்பாவின் போன். அம்மா போன பிறகு, எட்டு மாதமாகத் தினமும் ஒரு நோயைப் பற்றிக் கேட்பார், அகர வரிசை பிசகாமல். அக்கியில் ஆரம்பித்தார், நேற்று வெறிநாய்க்கடி. அவர் தெருவில் நாயே கிடையாது. ஆளும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். மகளின் வேலைமேல் அப்பாவுக்கு அவ்வளவு பெருமை என்று நினைத்துக்கொண்டு, அவளும் கடகடவென்று வாசித்துவிட்டு வைத்துவிடுவாள். படித்த பெண்ணின் மூளை!

"வேனல் கட்டிக்கு என்னம்மா போட்டிருக்கு?"

வாசித்தாள்.

"அடுத்தது?"

"அதான்ப்பா கடைசி. புத்தகம் முடிஞ்சுது."

"அப்ப நாளைக்கு நான் என்னம்மா கேக்குறது?" என்றார்.

எட்டு மாதமும் காதில் விழுந்தது இதுதானா என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. வெள்ளைத் தாள் ஒன்றை இழுத்தாள்.

"ஒண்ணு விட்டுப்போச்சுப்பா. எழுத இங்க ஆளில்ல. நீங்கதான் சொல்லணும்."

"எனக்கு என்னம்மா தெரியும்?"

"காலையில எழுந்ததும் என்ன பண்றீங்க? அங்கிருந்து சொல்லுங்க."

"ரெண்டு டம்ளர் எடுப்பேன்" என்றார். "அப்புறம் ஒண்ணைத் திரும்ப உள்ள வெச்சுடுவேன்."

ஐந்து மணிக்கு டாக்டர் இறங்கி வந்து எட்டிப் பார்த்தபோது நான்காவது தாள் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா இன்னும் காலை பத்து மணிக்கே வந்து சேரவில்லை.