துரையின் மந்தை

எங்கள் வீட்டுக்கு வந்தபோது துரைக்கு வேலை போயிருந்தது. அதை அவனிடம் யாரும் சொல்லவில்லை.

ஆட்டு மந்தைக்குக் காவல் இருந்த நாய். மந்தையை விற்றுவிட்டு அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோன குடும்பம் அவனைக் காப்பகத்தில் விட்டிருந்தது. நான் பார்க்கப் போனபோது, சுவருக்கு அப்பால் எங்கோ ஒரு குன்றைப் பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தான். கன்றுக்குட்டி உயரம், வெள்ளை ரோமம், ஓய்வுபெற்ற நீதிபதியின் முகம். "இவனோட மௌனம் எனக்குப் புரியுது" என்று கணவரிடம் சொன்னேன். நான் குடும்பநல ஆலோசகர். சண்டை போடும் தம்பதிகளை எதிரெதிரே உட்காரவைத்து, குரலைத் தாழ்த்திப் பேசியே வழிக்குக் கொண்டுவருபவள் என்று பெயர். மௌனமெல்லாம் எனக்குப் புரியாமல் இருக்குமா?

துரை என்ற பெயர் கணவர் வைத்தது. 'உட்காரு' என்றால் அவன் என்னை ஒருமுறை பார்ப்பான், யோசிப்பான். பிறகு தோட்டத்துக்குப் போய் வேலியோரமாக ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவான். நான் வேறு வேலையில் மூழ்கியிருக்கும் நேரம் பார்த்து, தன் சொந்த முடிவாக உட்காருவான்.

"செவிடன் காதுல ஊதின சங்கு" என்றார் கணவர்.

"காது நல்லா கேக்குது. பரிசீலனை பண்றான்" என்றேன்.

பிடிவாதத்தோடு போயிருந்தால் சமாளித்திருப்பேன். வாசல்தான் சிக்கல். கேட்டில் கை வைத்தவர்கள் எல்லோரும் துரைக்கு ஓநாய்தான். கூரியர்காரர் பொட்டலத்தை மதில்மேல் வைத்துவிட்டு ஓடுவார். பக்கத்து வீட்டுக்காரர் கைபேசியில் அழைத்து, "வரலாமா?" என்று கேட்டு, வேண்டாம் என்று தானே பதிலும் சொல்லிக்கொள்வார். துரை பல்லைக் காட்டும்போதெல்லாம் நான் ஓடிப்போய் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, ஆலோசனை அறைக் குரலில், "ஒண்ணுமில்லடா, உன் பயம் எனக்குப் புரியுது" என்பேன். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுவான். என் குரலின் மகிமை என்று நினைத்துக்கொண்டேன். அதற்குள் வந்தவர் தெருமுனையைத் தாண்டியிருப்பார் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு, வெளியே சொல்லாதது. எனக்கு அது பிடித்திருந்தது. 'இப்போது வராதீர்கள்' என்று யாரிடமும் சொல்லத் தெரியாதவள் நான். என் சார்பில் ஒருவன் அதை அவ்வளவு தெளிவாகச் சொல்வதைக் கேட்க இதமாக இருந்தது.

அப்போதுதான் மாமியார் வந்தார்.

பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. நாத்தனார் வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. எங்கள் வீட்டில் படியே இல்லை. காரிலிருந்து இறங்கி, பிடித்து நடக்கும் நடைச்சட்டத்தைக் கேட்டுக்குள் வைத்தார். துரை பாய்ந்து அதன் காலைக் கவ்வினான். அத்தை தடுமாறிப் பின்னால் சாய்ந்து கார் இருக்கையிலேயே விழுந்தார். அடி எதுவும் இல்லை. மூச்சு வாங்கி முடித்துவிட்டுச் சொன்னார்:

"இந்த வீட்டுல என்னைப் பிடிக்காதவங்க இப்ப ரெண்டு பேர் ஆயிட்டாங்க."

கார் நாத்தனார் வீட்டுக்குத் திரும்பியது. அங்கே அவரை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார்கள். அன்று சாயங்காலம் கணவர் குரலை உயர்த்தவே இல்லை. அதனால்தான் பயந்தேன்.

"ஒரு மாசம் பாக்கலாம். அம்மாவை அவன் உள்ள விடணும். இல்லேன்னா காப்பகம்தான்."

காப்பகத்தைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஆள்மேல் பாய்ந்த நாய் என்று திரும்பி வந்தால், இந்த உருவத்துக்கு, வேறு யாரும் எடுக்கமாட்டார்கள் என்றார்கள். அப்புறம் என்ன என்று கேட்டேன். ஊசி போட்டுத் தூங்கவைத்துவிடுவோம் என்பதை மிக மென்மையாகச் சொன்னார்கள். அதுவும் என் தொழிலின் குரல்தான்.

ஆக, கல்யாணமான இத்தனை வருடத்தில் முதன்முறையாக, மாமியார் என் வீட்டுக்கு வந்தே ஆக வேண்டும் என்று நான் தவித்தேன்.

கால்நடை மருத்துவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். "அவன் குரைக்கிறான், ஆள் போயிடறார், நீங்க கட்டிப்பிடிச்சுக் கொஞ்சறீங்க. அவனைப் பொறுத்தவரை வேலையும் முடிஞ்சுது, பாராட்டும் கிடைச்சுது. இது கூப்பிட்டா ஓடிவர்ற ஜாதி இல்லைங்க, தானா முடிவெடுக்கிற நாய். அதட்டவும் வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். கேட்டுக்குப் பின்னால இன்னொரு கேட் போடுங்க. வெளிய போனா வாய்க்கூடை, கயிறு. மாமியாரை வாசல்ல காட்டாதீங்க, அது அவன் எல்லை. வேற இடத்துல, தூரத்துல காட்டுங்க. மந்தையில புது ஆடு சேர்க்கிற மாதிரி."

"சேர்த்துக்கிட்டான்னு எப்படித் தெரியும்?"

"முதுகைக் காட்டிப் படுப்பான். சந்தேகம் இருக்கறவரைக்கும் முகம்தான் காட்டுவான்."

மாமியாரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"என்ன பண்ணணும்?" என்றார்.

"சும்மா உக்காரணும் அத்தை. அவன் கண்ணை நேரா பாக்கக் கூடாது. அதட்டக் கூடாது. கட்டளை போடக் கூடாது."

"உன்கிட்ட இருக்கற மாதிரியேதான் இருக்கணும்ங்கற."

பூங்காவின் காலியான மூலையில், மடக்கு நாற்காலியில் அத்தை. நான் தூரத்தில் துரையோடு குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். அவன் நின்று முறைத்தால் பேசாமல் திரும்பி வேறு பக்கம் நடந்தேன். வாய் துறுதுறுவென்றது. ஆறுதல் சொல்லாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. ஊருக்கு உபதேசம் செய்தே பழகிய வாய். நாளுக்கு நாள் தூரத்தைக் குறைத்தோம். அத்தை போர்த்திய பழைய சால்வையை அவன் படுக்கையில் விரித்தேன். இதற்குள் கணவர் வாய்தவறி மந்தை விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"நான் என்ன ஆடா?" என்று கேட்டார் அத்தை.

"புது ஆடு, அத்தை."

கொஞ்சம் யோசித்தார். "பலியாடு ஆகாம இருந்தா சரி."

மாதம் முடியப் போகும்போது அத்தையைத் தோட்டத்துக்குக் கூட்டிவந்தோம், பின்பக்க வழியாக. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அத்தை, இந்தப் பக்கம் துரை. அவர் வேர்க்கடலை உரித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் ஆகாயத்தைப் பார்த்தார். பிடிவாதத்தில் இரண்டு பேருக்கும் தராசு சமமாக நின்றது. துரை வலையை முகர்ந்தான், நின்றான். பிறகு ஒரு பெருமூச்சோடு திரும்பி, வலையில் முதுகை ஒட்டினாற்போலப் படுத்து, தெருவைப் பார்த்தான்.

"திமிரப் பாரு, முதுகைக் காட்டறான்" என்றார் அத்தை.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அத்தை பெட்டியோடு வந்து சேர்ந்தார். துரை அவருடைய நடைச்சட்டத்துக்குப் பின்னாலேயே அறை அறையாக நடந்தான். மந்தையில் நொண்டும் ஆட்டுக்குத் தனிக் கவனிப்பு உண்டுபோல. ஆனாலும் கணவர் காப்பகத்தின் எண்ணைக் கைபேசியிலிருந்து அழிக்கவில்லை. "பாப்போம்" என்றார்.

ஒருநாள் அலுவலகத்தில், மாமியாரோடு பேசாத ஒரு மருமகளுக்கு, மூச்சை இழுத்துவிட்டு மனசுக்குள் பத்துவரை எண்ணச் சொல்லிக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். சமையலறையில் என் டப்பாக்கள் எல்லாம் உயர வரிசைப்படி நின்றன, காலை வழிபாட்டுக்கு நிறுத்திய பிள்ளைகள்போல.

"குட்டையானதெல்லாம் முன்னால. இனிமே தேட வேண்டாம்" என்றார் அத்தை.

நான் எதையும் எண்ணவில்லை. "இது என் சமையலறை. எதைத் தொடறதா இருந்தாலும் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்" என்றேன். கத்தினேன் என்பதுதான் சரி.

நகம் தரையில் தட்டும் சத்தம் கேட்டது. துரை வந்தான். எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றான். அத்தைக்கு முதுகு. முகம் எனக்கு.

உறுமவில்லை. என் முட்டிமேல் தன் எடையைச் சாய்த்து, ஒரு மேசையை நகர்த்துவதுபோல, என்னை நிதானமாகச் சமையலறை வாசல்வரை தள்ளிக்கொண்டு போனான். 'ஒண்ணுமில்லடா' என்று ஆரம்பித்தேன். அவன் கண் இமைக்கவில்லை. இத்தனை நாளும் அவன் எனக்குக் காவல் என்று நினைத்திருந்தேனே, மந்தையில் யார் சத்தம் போட்டாலும் அவனுக்கு ஒன்றுதான்.

கணவர் பின்னாலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை அவரிடம் திரும்பினார்.

"இவனை எங்கயும் அனுப்பற பேச்சே கூடாது, சொல்லிட்டேன். இந்த வீட்டுல எனக்காகப் பேச ஒரு ஆள் இருக்கான்."

கணவர் கைபேசியை எடுத்து எதையோ அழித்தார்.

நான் தோட்டத்துக்குப் போனேன். வேலியோரமாக ஒரு சுற்று சுற்றினேன். கோபம் ஆறியதும் உள்ளே வந்து, யாரும் சொல்லாமல், என் சொந்த முடிவாக, அத்தைக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"கடலை சாப்பிடறியா?" என்றார்.

துரை எங்கள் இருவரையும் ஒருமுறை பார்த்தான். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டி, வாசலைப் பார்த்துப் படுத்தான்.